நீலச்சட்டை தோற்கும் சனிக்கிழமைகள்

ஆகஸ்ட் 17, சனி

கால்பந்து சீசனின் முதல் ஆட்டம். 2–2. முதல் பாதியில் இரண்டு கோல் போட்டுவிட்டு, இரண்டாம் பாதியில் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். தான தர்மத்தில் எங்கள் நீலச்சட்டைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. கோல்கீப்பரை ரசிகர்கள் எல்லோரும் ஓட்டைக்கை என்றுதான் கூப்பிடுகிறோம். இன்று ஒரு பந்து அவன் கைக்குள் வந்து, உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு வலைக்குள் போனது.

டிரா என்பதால் என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. டிவியை அணைத்தார், சாப்பிட்டார், படுத்துவிட்டார். மகள் ஏதோ படம் வரைந்து அவரிடம் காட்டப் போனாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். உடனே திரும்பிவிட்டாள். ஏழு வயதிலேயே கண்ஜாடை இவ்வளவு நன்றாகப் புரிகிறது. இது பெருமைப்படுகிற விஷயமா?

ஆகஸ்ட் 24, சனி

ஜெயித்தோம். 1–0. கடைசி நிமிடக் கார்னரில் எங்கள் நெட்டையன் தலையால் முட்டிப் போட்டான். நான் சோபாவிலிருந்து எழுந்து கத்தியதில் கீழ்வீட்டுக்காரர் சீலிங்கைத் தட்டினார். இங்கே என் வீட்டுக்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றிச் சுற்றி ஓடினார். குளிக்கும்போது பாட்டு வேறு.

இவரை நான் முதலில் பார்த்ததே மைதானத்தில்தான். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து ரெஃபரியைத் திட்டிக்கொண்டிருந்தார். திட்டு ஒவ்வொன்றும் புதுசு. விழுந்து விழுந்து சிரித்தேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்படித்தான் ஆரம்பம். ஒருவருடைய கோபத்தை ரசித்துக் கல்யாணம் செய்துகொண்டவள் நான்.

செப்டம்பர் 14, சனி

0–3. சமையலறைக் கதவில் இடித்துக்கொண்டேன். இடது கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறது.

—இதை நான் யாருக்கு எழுதுகிறேன்? எனக்கே பொய் சொல்லிக்கொள்கிறேனா?

அவர் தள்ளினார். நான் கதவில் போய் விழுந்தேன். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “மூணாவது கோல் ஆஃப்சைடு மாதிரி இருந்துச்சுங்க.” அவருக்கு ஆதரவாகத்தான் சொன்னேன்.

செப்டம்பர் 16, திங்கள்

கண்ணாடிக் கடையில் வேலை செய்வதில் ஒரு வசதி. தடித்த கறுப்பு பிரேம் ஒன்றை எடுத்து, பவர் இல்லாத லென்ஸைப் பொருத்தி மாட்டிக்கொண்டேன். வீக்கம் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. வந்த ஒரு பெண், “உங்க பிரேம் நல்லாருக்கே, அதே மாதிரி எனக்கும் காட்டுங்க” என்றாள். எடுத்துக் காட்டினேன்.

சாயங்காலம் கடையை மூடும்போது முதலாளியம்மா என் முன்னால் வந்து நின்றார்.

“உனக்குத்தான் பவரே இல்லையேம்மா.”

“தலைவலிக்குங்க.”

“ம்” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

செப்டம்பர் 28, சனி

இந்த வாரம் லீக்கில் ஆட்டம் இல்லை. காலையிலிருந்து வீட்டில் விளக்கைப் போட்டது போல இருக்கிறது.

அக்டோபர் 5, சனி

யாருக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது, யாருக்கு இரண்டு மஞ்சள் அட்டை, அடுத்து யாரோடு மோதுகிறோம், அவர்கள் போன தடவை எங்களை என்ன பாடு படுத்தினார்கள்—எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. கடையில் லென்ஸ் தேய்ப்பவர் என்னிடம் கேட்டுத்தான் நண்பர்களோடு பந்தயம் கட்டுகிறார். “உங்களை மாதிரி ஒரு ரசிகையை நான் பாத்ததே இல்ல மேடம்” என்றார் இன்று.

ரசிகையா? மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறவளுக்கு மேகத்தின் மேல் காதல் என்று அர்த்தமா?

பெரிய அணிகளோடு ஆட்டம் என்றால் மகளை அவள் தோழி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். இன்றும் அனுப்பினேன். 1–4. நல்லவேளை.

அக்டோபர் 19, சனி

எங்கள் ஆளே எங்கள் வலையில் ஒரு கோல் போட்டான். அடுத்த ஐந்தாவது நிமிடம் நெட்டையனுக்குச் சிவப்பு அட்டை. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதை. பயிற்சியாளர் பேட்டியில் புல் சரியில்லை என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இதையெல்லாம் எழுதச் சிரிப்பாக இருக்கிறது. எழுதும் கை வலிக்கிறது. முறுக்கிவிட்டார்.

அவர் வெளியே போனதும் மாமியாருக்குப் போன் செய்தேன். என்னை மீறித்தான் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அவன் அப்பாவும் இப்படித்தான்மா. கோவம் இருக்கிற எடத்துலதான் கொணம் இருக்கும். மேட்ச் நேரத்துல நீ எதுக்கு அவன் பக்கத்துல போய் நிக்கற?”

மூன்று அறை வீடு. பக்கத்தில் நிற்காமல் எங்கே நிற்பது?

நவம்பர் 9, சனி

சமையலறையில் இருந்தேன். ஹாலில் “கோல்” என்று கத்தினார். எங்கள் கோல் என்று குரலிலேயே தெரிந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சை விட்டேன்—அவ்வளவுதான். யார் போட்டது, எப்படிப் போட்டான் என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

பத்து வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போக ஆரம்பித்தவள் நான். இந்த அணி எனக்குத்தான் முதலில் சொந்தம். இவர் அப்புறம் வந்தவர். என் பந்தையும் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

நவம்பர் 30, சனி

தோல்வி. எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 14, சனி

ஆட்டம் முழுவதும் மகள் குளியலறைக்குள் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுவலி என்றாள். கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.

“அம்மா, முடிஞ்சிடுச்சா?”

“இன்னும் கொஞ்ச நேரம்டா.”

“நாம ஜெயிக்கிறோமா?”

“சமமா இருக்கு.”

“அப்ப முடிஞ்சப்புறம் கூப்பிடு” என்றாள். தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. கதவில் தலையைச் சாய்த்து நின்றேன். ஹாலில் அவர், “எங்கே போய்த் தொலைஞ்சீங்க ரெண்டு பேரும்” என்றார்.

1–1. கடைசியிலிருந்து மூன்றாவது இடம். சீசன் முடியும்போது கடைசி மூன்று இடத்தில் இருந்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆட்டம் தேறினால் வீடும் தேறும். மே மாதம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட வேண்டும்.

ஜனவரி 11, சனி

ஜெயித்தோம். 3–0. அதுவும் முதலிடத்தில் இருக்கும் அணியை. ஓட்டைக்கை ஒரு பெனால்டியைப் பிடித்தான், நம்ப முடிகிறதா? மூன்றாவது கோல் விழுந்ததும் பிள்ளை குளியலறையிலிருந்து தானாக வெளியே ஓடி வந்தாள். சோபாவில் ஏறிக் குதித்தாள். குதித்ததில் டீ கிளாஸ் சாய்ந்து அவர் போன் மேல் கொட்டிவிட்டது.

அறைந்தான். அவளை. கன்னத்தில் நாலு விரல் பதிந்துவிட்டது. டிவியில் எல்லாரும் கட்டிப்பிடிச்சுக் குதிச்சிட்டு இருக்காங்க. இவ அழவே இல்ல. என்னையே பாத்துட்டு நின்னா. ‘ஜெயிச்சோமேம்மா, அப்புறம் ஏன்?’னு கேக்கற மாதிரி.

மேலே ‘அறைந்தான்’ என்று எழுதியிருக்கிறேன். ‘அறைந்தார்’ என்று திருத்தப் போவதில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

“ஆபீஸ்ல பிரச்சனை. என் நெலமை எனக்குத்தான் தெரியும்” என்றான் காலையில். மகளுக்குப் பொம்மை வாங்கி வந்தான். அவள் நன்றி சொல்லி வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்தாள்.

ஆபீஸாம். நேற்று வரை பந்து. நாளைக்கு மழையாக இருக்கும், மறுநாள் செருப்பு கடித்ததாக இருக்கும். ஐந்து மாதம் முட்டாள் மாதிரி பாயின்ட் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் தெரியாத பதினோரு பேர் ஒழுங்காக ஓடினால் என் பிள்ளை பத்திரமாக இருப்பாள் என்று நம்பியிருக்கிறேன்.

ஜனவரி 20, திங்கள்

கடையில் கண் பரிசோதிக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தேன். எழுத்துப் பலகையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றுகூட அவள் கேட்கவில்லை.

“எப்ப வர்றே?” என்றாள்.

பிப்ரவரி 8-ஆம் தேதி வெளியூர் ஆட்டம். அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வருஷா வருஷம் ரசிகர் மன்றத்து பஸ்ஸில் காலையிலேயே போய்விடுவான். அட்டவணையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 8, சனி

இரண்டு பெட்டி, பள்ளிப் பை, சான்றிதழ்கள். மகள் தானே போய் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பூட்டும்போது சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. படியில் இறங்கும்போது கீழ்வீட்டுக்காரர் எதிரே வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு டாக்ஸி வரை வந்தார். சீலிங்கைத் தட்டிய மனிதர். இத்தனை நாள் அவர் காதில் என்னென்ன விழுந்திருக்கும்?

டாக்ஸி ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சவுண்டு கூட்டட்டுமாம்மா?” என்றார் டிரைவர்.

“வேண்டாங்க. நிறுத்திடுங்க.”

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா வீடு. ஊரின் அந்தக் கோடி. நாற்பத்திரண்டு தடவை போன் செய்திருக்கிறான். அக்கா வீட்டுக்காரர் போனை வாங்கி, அணைத்து, பீரோ மேல் வைத்துவிட்டார். பேச்சு அதிகம் இல்லாதவர். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் ஒன்று போட்டார்.

மார்ச் 1, சனி

கடைக்கு வந்துவிட்டான். தாடி. இளைத்துவிட்டான். “ஒரு நிமிஷம் பேசணும்” என்றான், எல்லார் முன்னாலும். முதலாளியம்மா எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார். அவன் தோள் உயரம்கூட இல்லை அவர்.

“கண்ணு டெஸ்ட் பண்ணணுங்களா?”

“இல்ல, நான் என் பொண்டாட்டிகிட்ட—”

“டெஸ்ட் பண்றதா இருந்தா உக்காருங்க. இல்லன்னா கெளம்புங்க. வேற ஆளுங்க வெயிட் பண்றாங்க.”

கடையில் வேறு யாருமே இல்லை. அவன் போய் எதிர்ப் பக்கத்து நடைபாதையில் உட்கார்ந்து அழுதான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். காலெடுத்து வைத்திருப்பேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், போயிருப்பேன். முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கும் வந்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்ட அதிகாரி, “எதுக்காக அடிச்சார்?” என்றார். காரணம் கேட்கிறார். இருந்தால் நானே இத்தனை நாளில் கண்டுபிடித்திருக்க மாட்டேனா?

ஏப்ரல் 5, சனி

மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

“அம்மா, இப்ப தோத்தா அப்பா யாரை அடிப்பாரு?”

சீப்பு நின்றுவிட்டது. “யாரையும் அடிக்க மாட்டாரு” என்றேன். அவள் நம்பவில்லை. “அங்க யாருமே இல்லல்ல” என்று அவளே கணக்குப் போட்டுச் சமாதானமானாள். பிறகு, “பாவம்” என்றாள். யாரைச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 26, சனி

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் இன்னமும் குளியலறைக் கதவருகே கால் தானாகப் போய் நிற்கிறது. டிவி பக்கம் போவதில்லை. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, வீடு மாறிவிட்டோம் என்று.

கோர்ட்டில் அடுத்த தேதி ஜூன். குழந்தையைப் பார்க்க அவனுக்கு உரிமை வேண்டுமாம். இது சுலபமாக முடியாது என்றார் வக்கீலம்மா.

மே 24, சனி

லீக்கின் கடைசி நாள். டிரா செய்தாலே போதும், தப்பித்துவிடலாம். கடையில் லென்ஸ் தேய்ப்பவர் வாரம் முழுவதும் புலம்பியதில் எனக்கும் தொற்றிக்கொண்டது. பார்க்கலாமா என்று நானே அக்காவிடம் கேட்டேன். கேட்ட பிறகு பயமாக இருந்தது. டிவியைப் போட்டுவிட்டு முதல் பத்து நிமிடம் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா வீட்டுக்காரருக்குப் பந்து உருண்டை என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. “ஏன் கொடியைத் தூக்கறாங்க?”, “இவங்களுக்குக் கை கிடையாதா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிச் சொல்லி, எப்போது வந்து உட்கார்ந்தேன் என்றே தெரியவில்லை. மகள் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது.

எழுபதாவது நிமிடம் நெட்டையன் ஒரு கோல் போட்டான். கத்திவிட்டேன். மகள் திடுக்கிட்டு நிமிர்ந்து, முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் நான் ஏன் கத்தினேன் என்று புரியாமல் கை தட்டிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி பென்சிலை எடுத்தாள்.

எண்பத்தெட்டில் ஒன்று வாங்கினோம். கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 1–2. கீழே போய்விட்டோம். ஓட்டைக்கை முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டான். அப்பாவோடு போன நாளிலிருந்து ஒரு முறைகூட இந்த அணி கீழ்ப்பிரிவைப் பார்த்ததில்லை. பாவிகள், ரெண்டே நிமிஷம் சும்மா நின்னிருந்தாலே போதுமே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதேன். சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்தாள் அக்கா. முதலில் வாசலைப் பார்த்தாள், தாழ் போட்டிருக்கிறதா என்று. பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“என்னடி ஆச்சு? யாரு வந்தா?”

“தோத்துட்டோம்க்கா.”

“என்னது?”

“மேட்ச்சு. தோத்துட்டோம்.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்” என்றேன்.