உப்பு இறங்கவில்லை என்று சாதித்த சம்பந்திக்கு

திருத்தணி,
சர்வதாரி வருஷம் (1948), சித்திரை மாதம்.

என் அன்புக்கு என்றும் உரியவரும், என் பொறுமையைச் சோதிப்பதில் இணையற்றவருமான சம்பந்தி முனிரத்தினம் அவர்களுக்கு,

தாங்கள் காலமாகி ஓராண்டு நிறைந்து, தலைத் திதியும் முறைப்படி நடந்தேறிவிட்டது. துக்கத்துக்குரிய தவணை முடிந்துவிட்டபடியால், என் புகார்களைத் தெரிவிக்க இனித் தடையில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் சாட்சிகளாக இருக்கட்டும்.

1. சுபானு வருஷம், சித்திரைக் கிருத்திகை. என் மகள் சரோஜாவை உங்கள் மகனுக்குக் கொடுத்த பின் வந்த முதல் கோடை. மலையில் தரிசனம் முடித்து இரு குடும்பத்தாரும் என் வீட்டில் கூடியிருந்தபோது, கோணிப்பையில் மரத்தூள் போட்டுச் சுற்றிய ஐஸ் பாளத்துடன் அரக்கோணம் பாசஞ்சரில் வந்திறங்கி, முன்னறிவிப்பின்றி என் கூடத்தை நனைத்தீர்கள்.

2. தாரண வருஷம், அதே நாள். கிருத்திகைக்கு உப்பை விலக்கிப் பழம் மட்டும் உண்பவர்களுக்கு, தகர டப்பாவில் போட்டு ஐஸுக்கும் உப்புக்கும் நடுவே புதைத்து உறைய வைத்த பழத்தைக் கொடுத்தீர்கள். டப்பாவுக்குள் உப்பு இறங்குகிறது என்று நான் ஆட்சேபித்தேன். இல்லவே இல்லை என்று சாதித்தீர்கள்.

3. பார்த்திப வருஷமும் விய வருஷமும். மேற்படி ஆட்சேபணையைச் சபை நடுவே நகைப்புக்கு உள்ளாக்கினீர்கள்.

4. விய வருஷம், பங்குனி. மாதக்கணக்கில் இருந்துவந்த நெஞ்சு வலியை மனைவிக்கும் சொல்லாமல், மகனுக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல், ஒரு காலையில் புறப்பட்டுப் போய்விட்டீர்கள்.

மூன்றாவது புகாரில் தாங்கள் சொன்ன வார்த்தைகள் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கின்றன. ரயில்வே கார்டாக இருந்தவர் வேறெப்படிப் பேசுவார்? "இந்தப் பெட்டில ஏறினவன் நடுவழியில அந்தப் பெட்டிக்குப் போவ முடியுமாங்க வக்கீலய்யா? உப்பு ஒரு பெட்டி, பழம் ஒரு பெட்டி. கதவ சாத்திக் கொடி ஆட்டியாச்சி" என்றீர்கள். கூடம் முழுவதும் சிரித்தது. நான் ஒருவன் மட்டும் வெறும் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு வருஷங்களும் தங்கள் டப்பாவிலிருந்து ஒரு துண்டுகூட நான் தொட்டதில்லை என்பது தங்களுக்கே தெரியும்.

சென்ற சித்திரையில் துக்கம் காரணமாக யாரும் மலை ஏறவில்லை. இந்தச் சித்திரை நெருங்கியபோது சரோஜா என்னிடம் வந்து நின்றாள். "நைனா, அத்தை கிருத்திகைக்கு வெறும் தண்ணியோட நிறுத்திக்கிறாங்க. பழங்கூட தொட மாட்டேன்றாங்க. எளச்சிகினே போறாங்க. மாமா பண்ற பழம்னா ஒருவேளை வாயில வெப்பாங்க" என்றாள்.

மாமாதான் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில், நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதைக் கேட்டு என் மகள் சிரித்த சிரிப்பை ஐந்தாவது புகாராகச் சேர்த்திருக்க வேண்டும்.

கிருத்திகையன்று உங்கள் மகன் அரக்கோணத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தான். அவன் தாயாரும் அதே ரயிலில் வந்தார். தரிசனம் முடிந்து வந்து, கூடத்தின் ஓரத்தில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு தூண் பக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

உங்கள் செய்முறையில் நான் எதையும் குறைக்கவில்லை. யுத்த காலத்தில் சர்க்கரை கிடைக்காமல் தாங்கள் தேனுக்கு மாறினீர்கள் அல்லவா? அந்தத் தேன்தான் இப்போதும். பங்கனபள்ளி மாம்பழத்தைத் துண்டு போட்டு, வாழைப்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கி, திராட்சையும் சேர்த்து, தேனில் புரட்டித் தென்னை ஈர்க்கில் குத்தினோம். எல்லாவற்றையும் தகர டப்பாவில் அடுக்கி மூடினோம். பெரிய அண்டாவில் உடைத்த ஐஸும் கல் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, நடுவில் டப்பாவை இறக்கி, இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருந்தோம்.

நான் சேர்த்தது ஒன்றே ஒன்று. டப்பாவின் மூடியைச் சுற்றி மெழுகை உருக்கி ஊற்றினேன். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் மேலே ஏறினாலும் உள்ளே ஒரு சொட்டும் இறங்க வழியில்லை. தாங்கள் வாயால் சொன்னதை நான் செய்தே காட்டினேன்.

டப்பாவைத் திறந்தபோது மாம்பழத் துண்டுகள் மேல் வெண்பனி பூத்திருந்தது. குழந்தைகள் கூவிக்கொண்டு வந்து சூழ்ந்துகொண்டன. முதல் ஈர்க்கை மந்தார இலையில் வைத்து, நானே கொண்டுபோய்ச் சம்பந்தி அம்மாளிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல வந்தவர், சரோஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். ஒரு துண்டைக் கடித்தார். பிறகு ஈர்க்கை மெதுவாக இலையிலேயே வைத்துவிட்டார்.

"நல்லாதாங்க இருக்குது," என்றார். "ஆனா இது அவரு பண்றது இல்லீங்க. இதுல உப்பு இல்லியே."

முதலில் சிரித்தவர் மணவூரிலிருந்து வந்திருந்த என் சகலை. அப்படியானால் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆங், மொத வருஷத்துலருந்தே தெரியும். கேஸு ஜெயிச்சிட்டீங்க வக்கீல் சார். எதிர்க்கட்சிதான் இல்ல" என்றார்.

சம்பந்தி அம்மாள் தலை குனிந்தபடியே பேசினார். "அவ்ளோ ஆசையா தூக்கிகினு வர்றவரு மொகத்தப் பாத்து, கரிக்குதுன்னு எப்படிங்க சொல்றது? அப்புறம் நாக்கு பழகிப்போச்சி. அந்தத் துளி உப்பு பட்டாதான் மாம்பழமே இனிக்குது."

விரதம் என்னாவது என்று கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்?

"நாலு வருஷமா கேக்காத முருகன் இன்னிக்கி மட்டும் கேக்கப் போறாராங்க?" என்றார்.

சம்பந்தி, இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? நான் எழுந்துபோய், நான் பூசிய மெழுகை நானே கத்தியால் சுரண்டி எடுத்தேன். மிச்சப் பழத்தோடு டப்பாவை மறுபடி அண்டாவில் இறக்கினேன். உப்புத் தண்ணீர் மூடிவரை ஏறி நின்றது. தாங்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தாங்கள் திருப்பியதைப் போலவே இடமும் வலமும் திருப்பினேன். உங்கள் மகன் கொடி ஆட்டுவதைப் போலத் துண்டை ஆட்டினான்.

மறுபடி திறந்ததும் அந்த அம்மாள் ஒரு மாம்பழத் துண்டு சாப்பிட்டார். பிறகு திராட்சை. பிறகு, வாழைப்பழம் இல்லையா என்று தாமே கேட்டார். "ஆங், இதுதான் அவரு பண்றது" என்றார். சரோஜா என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தூண் ஓரத்திலிருந்தவரைக் குழந்தைகள் கூடத்து நடுவுக்கு இழுத்து வந்துவிட்டன. அன்று என் வீட்டில் இருந்த சத்தத்துக்குத் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு ஈர்க்கு.

நானும் ஒன்று எடுத்துச் சாப்பிட்டேன். கரித்தது. அதன் பின்னால் வந்த இனிப்பைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. இரண்டாவதும் எடுத்துக்கொண்டேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இதனால் என் கோபம் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். முதல் மூன்று புகார்களைத் திரும்பப் பெறத் தயாராயிருக்கிறேன். நான்காவது அப்படியே நிற்கிறது. உப்பை அவர்கள் மறைத்ததற்கும் வலியைத் தாங்கள் மறைத்ததற்கும் காரணம் ஒன்றுதான் என்று சரோஜா வாதாடுகிறாள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஐஸ் பாளத்தை நான் தூக்கியிருக்க மாட்டேனா?

ஆகவே, டப்பாவுக்குள் உப்பு இறங்கியது உண்மைதான் என்றும், வலியைச் சொல்லாதது தவறுதான் என்றும், வரும் ஆடிக் கிருத்திகைக்குள் தாங்கள் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும். தவறினால், அடுத்த சித்திரைக் கிருத்திகையிலும், அதன் பிறகு என் கைக்கு வலு இருக்கும்வரை ஒவ்வொரு சித்திரையிலும், அதே அண்டாவில், அதே டப்பாவில், மெழுகு பூசாத மூடியோடு நானே பழம் உறைய வைப்பேன் என்றும், முதல் ஈர்க்கு சம்பந்தி அம்மாளுக்கே போகும் என்றும் இதன் மூலம் அறிவிக்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கள் பெண் கொடுத்த சம்பந்தி,
தணிகாசலம், பி.ஏ., பி.எல்.