நாற்பத்தொன்றாம் எண் தாள்

2025 நவம்பர் 18. எனக்கு இன்று வயது எழுபத்தொன்பது, இரண்டு மாதம், ஆறு நாள். மருத்துவமனை வரவேற்பு மேசையில் பிறந்த திகதியைச் சொன்னதும் அங்கிருந்த பெண் நான்கு பக்கத் தாள் ஒன்றை நீட்டினாள். "தமிழிலையும் இருக்கு அன்ரி. ஈஸிதான்." அந்த 'ஈஸி'யை, தோழி, நீரும் நானும் பதினான்கு மாதம் உழைத்து உண்டாக்கினோம் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. இந்த வயதில் என்னால் ஒழுங்காகச் செய்ய முடிகிற ஒரே உடற்பயிற்சி வாயை மூடிக்கொள்வதுதான்.

பதினேழு கேள்விகள் வரை பேனா ஓடியது. பதினெட்டில் நின்றது. 'கடந்த நான்கு வாரங்களில், உங்கள் நோயைப் பற்றி மனம்விட்டுப் பேச உங்களுக்கு ஒருவர் இருந்தாரா?' உம்முடைய வாக்கியம். 'மனம்விட்டு' மிகையென்று நான் வெட்டினேன், நீர் திரும்ப எழுதினீர், மறுபடி வெட்டினேன், நீர் வென்றீர். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது என் முன்னால் கிடக்கிறது.

அந்தக் காலத்தில் நாம் வேலை செய்த, லண்டன் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத அந்த அறையை நினைக்கிறேன். நோயாளியின் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று கேட்கும் ஓர் ஆங்கில வினாத்தாள். ஒரு மேசையில் அதைக் கிரேக்க மொழிக்குக் கொண்டுபோகும் குழு. மறு மேசையில் தமிழுக்குக் கொண்டுவர நாம் இருவர். எழுதுவது உமது வேலை. விடைகளை எண்ணி, எழுதியது நம்பத்தக்கதா என்று சோதிப்பது என் வேலை. கிரேக்கக் குழுவின் பெண்மணி, தன் முதியவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் அரைமணி நேரம் முறையிடுவதாகத் தலையில் கைவைத்திருப்பார். நம் தாள்களிலோ எல்லாருக்கும் எல்லாமே 'மிக நன்று'. "உங்கள் ஆட்களுக்கு நோயே வராதா? பிறகேன் இங்கே வருகிறார்கள்?" என்று அவர் கேட்டார். நான் என் கணக்கில் பிழை தேடினேன். நீர் சிரித்தீர்.

அடுத்த ஞாயிறு என்னை நகரின் கிழக்கே ஃபாரஸ்ட் கேட்டுக்கு அழைத்துப் போனீர். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேநீர். தடியூன்றிய முதியவர் ஒருவரிடம் நான் தாளும் கையுமாகப் போனேன்.

"அண்ணை, சுகமோ?"

"ஆண்டவற்றை கிருபையிலை ஒரு குறையுமில்லை பிள்ளை."

'மிக நன்று' என்று குறிக்கப் போன என் கையைப் பிடித்து நிறுத்தி, நீரே கேட்டீர்.

"வாசல் படி ஏறினனீங்களோ அண்ணை?"

"அதெங்கை பிள்ளை ஏலும்! மகன்தான் தூக்கிக்கொண்டு வந்தவன். மூண்டு மாசமாய்க் காலுக்குச் சப்பாத்தும் அவன்தான் போட்டுவிடுறான்."

திரும்பும் பஸ்ஸில் நீர் வாத்தியார்த்தனம் இல்லாமல், கடலை கொறித்தபடி சொன்னீர்: "'சுகமோ' எண்டு கேக்கிறது கும்பிடு போடுற மாதிரியப்பா. அவையும் திருப்பிக் கும்பிடுகினம். நோய் வருத்தம் தெரியோணுமெண்டால் படியைக் கேளும், சப்பாத்தைக் கேளும்."

"அப்ப நான் இவ்வளவு நாளும் எண்ணினது?"

"கும்பிடு எண்ணினனீர்."

கேள்விகளை மறுபடி எழுதினீர். கடைசிச் சோதனை மட்டும் மிஞ்சியது: ஒரே ஆட்கள், இரண்டு வார இடைவெளியில், ஒரே தாளை இருமுறை நிரப்ப வேண்டும். பெயர் இல்லை, எண் மட்டும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் தாள் நம்பகமானது. நாற்பது பேருக்குக் கொடுத்தோம். முதல் முறையே பெட்டியில் நாற்பத்தொரு தாள் இருந்தது.

"ஒண்டு கூட இருக்குதே," என்றேன்.

"ஆரோ ஆசைப்பட்டு எடுத்திருப்பினம். விடும்."

அந்த நாட்களில்தான் நீர் படிக்கட்டை விட்டு லிப்டுக்கு மாறினீர். உமது மதியச் சாப்பாட்டுப் பெட்டி வருவது நின்றது. காலையில் நான் "சுகமோ?" என்பேன். "சுகம், சுகம். உமக்கு?" என்பீர். கிரேக்கப் பெண்மணிகூட ஒருநாள் உமக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் தேநீர் ஊற்றினேன்.

வேலை முடிந்து மூன்று மாதத்தில் நீர் போய்விட்டீர். நோர்பரியில் உமது செத்தவீட்டு வாசலில் உம் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா தனக்கு வருத்தமெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை அன்ரி. உங்களிட்டையாவது சொன்னவவோ?" "இல்லைப் பிள்ளை," என்றேன். சொல்லுக்குச் சொல் அது உண்மை.

அழுகை எனக்கு ஒத்துவராது, மூக்கு அடைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு வாக்கியத்துக்காக என்னோடு முழுநாளும் மல்லுக்கட்ட இந்த நகரத்தில் இப்போது ஆளில்லை. நான் எதை எழுதினாலும் சரி என்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தனிமை என்று உமக்கு மட்டுமே விளங்கும். இப்போதும் யாரைக் கண்டாலும் நான் சுகம் விசாரிப்பதில்லை. படி ஏறினீர்களா, சப்பாத்தை யார் போட்டுவிட்டது என்று கேட்கிறேன். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டதென்று சிலர் நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

உம்மிடம் சொல்லாதது ஒன்று உண்டு. நீர் இடக்கைக்காரி. நீர் போடும் சரி அடையாளத்தின் நீண்ட கால் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்; லண்டனில் அப்படி வேறு யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. நாற்பத்தொன்றாம் தாளில் எல்லா அடையாளமும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. படி ஏற ஏலாது. சாப்பிட ஏலாது. பதினெட்டாம் கேள்விக்கு: 'ஒருபோதும் இல்லை.' மொழிபெயர்த்தவர் விடை எழுதக்கூடாது என்பது விதி. அந்த விதியைச் சாட்டி, தாளை எண்ணாமல் ஒதுக்கி வைத்தேன். எண்களுக்குப் பின்னால் இருப்பவரைத் தேடக்கூடாது என்பதும் விதி; அதைச் சாட்டி வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அதே எண், அதே சாய்வு, பதினெட்டுக்கு அதே விடை. எங்கள் கணக்கில் அதற்கு நம்பகமான விடை என்று பெயர்.

நான்தான் தாள்களை எண்ணுபவள் என்பது உமக்குத் தெரியும். யார் வாசிப்பதற்காக எழுதினீர் என்பது எனக்கும் தெரிந்தது. உமது முதல் தாளை வாசித்த மறுநாள் காலை, உமக்கு எதிரே உட்கார்ந்து, "சுகமோ?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.