பாட்டை நம்பித் திருப்பிய விமானம்

எலப்புள்ளி,
அக்டோபர் 1974

மாப்பிள்ளை குப்பண்ணன் அவர்களுக்குக் கருப்புசாமி அன்போடு எழுதுவது.

தங்கச்சி நாச்சம்மாள் சுகமாக இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை நிதானமாகப் படிப்பீர்கள். இங்கே நடவு முடிந்துவிட்டது. மதியத்துக்கு மேல் தினமும் இடியும் மழையுமாக இருக்கிறது. நீங்கள் இருக்கும் சக்குபள்ளத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தங்கச்சி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். விமானத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு மருந்து தெளித்துவிட்டுத் திரும்பும்போது மேகத்துக்குள் மாட்டிக்கொண்டது, வானொலி நிலையம் இருக்கும் திசையை முள்ளால் காட்டுமென்று புதிதாகப் பொருத்திய ரேடியோ காம்பஸில் திருச்சி வானொலியை வைத்ததாக நினைத்து அதன் முள் காட்டிய பக்கம் திரும்பியது, காதில் கேட்டது இலங்கை வானொலிப் பாட்டு என்று பிறகு தெரிந்தது எல்லாவற்றையும் வேடிக்கையாக எழுதியிருந்தீர்கள். அம்மா சிரித்தார். நாச்சம்மாளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சி வடகிழக்கே, அந்தப் பக்கம் சமவெளி. இலங்கை தென்கிழக்கே, போகிற வழியில் மேகமலை. மேகம் விலகி எதிரே காடு தெரிந்ததால் பிழைத்தீர்கள்.

அன்று சாயங்காலம் தங்கச்சி வாயும் வயிறுமாக மாட்டுக்கொட்டகைக்கு வந்து நின்று, "ஏனுங்ணா, அந்த முள்ளு எப்பவும் நெசத்தத்தான் காட்டுங்களா?" என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு எழுதுகிறேன் என்றேன். "நாங் கேட்டேன்னு எழுதிப்போடாதீங்க" என்றாள். எழுதிப்போட்டேன்.

நாம் ஒன்றாகத்தான் பறக்கப் படித்தோம். காது கெட்டு நான் வயலுக்கு வந்துவிட்டேன், நீங்கள் மேலேயே தங்கிவிட்டீர்கள். பொறாமையில் புத்தி சொல்கிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

வானொலி நிலையத்தைக் கிளம்புமுன்பே, தரையில் நிற்கும்போதே வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போது குனிந்து குமிழைத் திருகிக்கொண்டிருந்தால் மலை உங்களுக்காக ஒதுங்கிப் போகாது. பாட்டு கேட்டதும் முள்ளை நம்பாதீர்கள். அறிவிப்பாளர் நிலையத்தின் பெயரைச் சொல்லும்வரை பொறுங்கள். வங்காளத்து விமானி என்றால் பாட்டு புரியாமல் பெயருக்காகக் காத்திருப்பான். நம்மாள்தான் தமிழ்ப் பாட்டு என்றதும் ஊர் வந்துவிட்டது என்று மயங்குவான்.

பெயர் சரியாக இருந்தாலும் சாதாரண திசைகாட்டியையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ரேடியோ முள்தான் பொய். இடி இருக்கும் நாளில் முள் வானொலியை விட்டுவிட்டு மின்னலைப் பார்த்து ஓடும். அதன் பின்னால் போனால் மழைக்குள்ளேயே கொண்டுபோய் விடும். மடியில் வரைபடம் இருக்கட்டும், கண் வெளியே இருக்கட்டும். வைகை அணையின் தண்ணீர் தெரிந்தால் அது ஆயிரம் முள்ளுக்குச் சமம். எதுவும் தெரியவில்லையா, மேகத்துக்குள் நுழையுமுன்பே திரும்பிவிடுங்கள். கம்பெனிக்காரன் கத்துவான், கத்தட்டும். ஏலச்செடி ஒரு வாரம் மருந்துக்குப் பொறுக்கும்.

இப்போது கோபப்படாமல் படியுங்கள். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் உங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். சொன்ன நாளுக்கு முந்தி வந்துவிட்டாள், ஆனால் நல்ல எடை, நல்ல குரல். தாயும் பிள்ளையும் சுகம். முதல் வரியிலேயே எழுதியிருந்தால் மீதியைப் படித்திருக்கமாட்டீர்கள்.

தந்தி கொடுக்கச் சொல்லி அம்மா விரட்டினார். தபாலாபீஸ் வாசல்வரை போனேன். தந்தி கையில் கிடைத்த நிமிஷமே வானத்தைக்கூடப் பார்க்காமல் கோயமுத்தூருக்கு விமானத்தைக் கிளப்பிவிடுவீர்கள் என்று தோன்றியது. உங்களை எனக்குத் தெரியும். திரும்பி வந்து தங்கச்சியிடம் சொன்னேன். "கடுதாசியே போதுமுங்ணா. மெதுவா வரட்டும், வந்தாப் போதும்" என்றாள்.

மகளைப் பெற்ற சேதி தாமதமாகத் தெரிவதற்கு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் நேரில் வந்து திட்டுங்கள். விமானத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கம்பத்தில் பஸ் ஏறிப் பழனி, பொள்ளாச்சி வழியாக வாருங்கள். நீங்கள் வரும்வரை பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று நாச்சம்மாள் சொல்லிவிட்டாள். நாங்கள் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும்.

உங்கள் மைத்துனன்,
கருப்புசாமி