ஓஸ்வால்டின் வாயும் குரலும்

பிப்ரவரி 10, திங்கள்

கிறிஸ்துமஸ் பூசையில் ஓஸ்வால்ட் தனியாகப் பாடியதை லோக்கல் சேனலில் காட்டினார்கள். அப்போதே செட்டாப் பாக்ஸில் பதிவு செய்து வைத்தேன். இன்றுதான் போட்டுப் பார்க்கத் தைரியம் வந்தது. என் வீட்டுக்காரர் வாயை மூடிய பிறகு குரல் வருகிறது. பாடல் குழுவில் எப்போதுமே எல்லோருக்கும் பின்னால் நுழைகிறவர் என்பதால் முதலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஃபாதரும் அதே லட்சணத்தில் பேசியபோதுதான் கோளாறு பாக்ஸில் என்று புரிந்தது.

பிப்ரவரி 11

நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் இரண்டு வரி ஒழுங்காக வருகிறது. பிறகு பழையபடி.

பிப்ரவரி 15, சனி

மகன் க்ளென் வந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரை எல்லாம் சரிசெய்கிறவன். ஒயரை மாற்றினான். ஸ்பீக்கரைக் கழற்றினான், மாட்டினான். ஒலியைச் சரிசெய்ய ஒரு செட்டிங் இருக்கிறதாம். அரைமணி நேரம் தேடிப் பிடித்தான். ஒலியை இன்னும் தாமதமாக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். பிரமாதம்!

ஓஸ்வால்ட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஜனவரியில் புற்றுநோய் என்று அவர் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இந்தப் பதிவைப் போட்டாலே பால்கனிக்குப் போய்விடுகிறார். அங்கே அப்படி என்ன வேலையோ.

பிப்ரவரி 17

கஸ்டமர் கேர். தமிழுக்கு மூன்றை அழுத்தினேன், கன்னடம் வந்தது. அதனால் என்ன, கன்னடத்திலேயே சண்டை போட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

மெக்கானிக் தினேஷ் வந்தார். பாக்ஸுக்குள் இருக்கும் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறதாம், பாக்ஸையே மாற்ற வேண்டுமாம். பதிவு?

“அது இந்த பாக்ஸ்ல மட்டும்தான் ஓடும் மேடம். ஆனா புதுசுல இந்தப் பிரச்சினையே வராது.”

வராதுதான். குரலே இல்லாவிட்டால் தாமதம் எங்கிருந்து வரும்? அந்த வைத்தியம் இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு ஆகிவிட்டது.

ஓஸ்வால்ட் போனில் தட்டிக் காட்டினார்: “மாத்திடு நோரா. போனா போகட்டும்.”

போகட்டுமா? ரொம்ப சுலபமா சொல்லிட்டீங்க. எனக்கு வேற என்ன இருக்கு, உங்க குரல்னு?

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காவிரித் தண்ணீர் வீணானதுதான் மிச்சம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாளை புது பாக்ஸ் வருகிறது. டி.வி. எதிரே போனை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று க்ளென் யோசனை சொன்னான். ஒரு வாரம் கழித்து உதித்த ஞானம். ஃபேனை அணைத்தான், ஜன்னலைச் சாத்தினான். “யாரும் சத்தம் போடக்கூடாது. டாடி, நீங்களும்தான்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். நான் தரையைப் பார்த்தேன். ஓஸ்வால்ட் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. டி.வி.யில் வாய் முன்னே போனது, குரல் நொண்டிக்கொண்டு பின்னே வந்தது. அப்போதுதான் சோபாவைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது, குரலோடு சேர்ந்து. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. இந்த மனுஷன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான இடத்தில் நுழைந்தார்.

படத்தையும் ஒலியையும் லேப்டாப்பில் போட்டுப் பொருத்தித் தருவதாக க்ளென் சொன்னான். வேண்டாம் என்றேன். இனி அது ஓடும்போது நான் திரைப் பக்கம் பார்க்கப் போவதில்லை.