தம்பிக்குப் போன ஆர்டர்

மார்ச் 4
நகராட்சிக்குப் பதிவேடு கட்டித் தரும் வேலை இந்த வருடம் எனக்கு இல்லை. இருபத்தாறு வருடம் நான் தைத்துக் கொடுத்தது. மாற்றுத்திறனாளிகள் செய்யும் பொருளை அரசு அலுவலகங்கள் முதலில் வாங்க வேண்டும் என்று விதியாம். அப்படிப்பட்டவர்கள் நடத்தும் பட்டறைக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே தையலுக்குத் தலைவன் யார்? என் தம்பி. பார்வை போனபோது, "இனி வீட்டுல உக்காருடா" என்று என் கடையிலிருந்து நானே அனுப்பி வைத்தவன்.

மார்ச் 5
சாப்பாடு இறங்கவில்லை. "இத்தனை வருஷமா நீங்க வாங்கினப்போ வேற யாருக்காவது வயிறு எரிஞ்சிருக்கும்ல?" என்கிறாள் மனைவி. கட்டினவள் பேசுகிற பேச்சா இது?

மார்ச் 19
பட்டறையிலிருந்து முதல் கட்டு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நகராட்சிக்குப் போனேன். அலமாரி நிறைய நீல அட்டைப் பதிவேடுகள். யார் கட்டினாலும் அதே நீலம்தான் போட வேண்டும். ஒன்றை இழுத்தேன், தாள்கள் கொத்தாகக் கையோடு வந்தன. என்ன சந்தோஷம்! கொள்முதல் அதிகாரியின் மேசையில் போட்டேன். "இதுதான் சார் உங்க முன்னுரிமையோட லட்சணம்." தையல் மோசம் என்று உறுதியானால் ஆர்டர் ரத்தாம்.

மார்ச் 21
தம்பியை வரவழைத்திருந்தார்கள். பத்துப் பேர் முன்னால் அந்தப் பதிவேட்டின் முதுகைத் தடவினான். கை நின்றது. "சரி பண்ணித் தர்றோம் சார்" என்றான், அவ்வளவுதான். முடிவு திங்கட்கிழமை.
வராந்தாவில் என் விரலைப் பிடித்துத் தையலின் மேல் வைத்தான்.
"அண்ணே, இது ரெட்டை முடிச்சு. நாங்க போடறது ஒத்தை. இது உன்னுது, பழசு."
"அங்கேயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"
"அத்தனை பேர் முன்னாடி உன்னையா?"

மார்ச் 22
ஆர்டரும் அவனுக்கு. இப்ப பெரிய மனுஷன்ங்கிற பேரும் அவனுக்கா? அவன் விட்டுக்கொடுத்த மானத்துல நான் வாழணுமா? முடியாது— முடியவே முடியாது.

மார்ச் 24
அதிகாரி வருமுன் அவர் அறை வாசலில் நின்றேன்.
"அது நான் தைச்சது சார்."
"நிச்சயமாத்தானா பெரியவரே?"
"என் முடிச்சு எனக்குத் தெரியாதா?"
எழுதிக் கையெழுத்தும் போட்டேன், தாள் கிழியும்படி அழுத்தி.

ஏப்ரல் 2
மூன்று வருடத்துக்கு அவர்களுக்கே ஆர்டர். ஆள் அனுப்பிப் பட்டறையில் ஒரு பதிவேடு வாங்கினேன். தையல் தையலாகப் பிரித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 6
தம்பி போன் செய்தான். "ஏண்ணே போய்ச் சொன்னே?"
"உன் தயவு எனக்கு வேண்டாம்."
சிரித்தான். "ஆள் விட்டு ஒண்ணு வாங்கினியாமே. ஏதாவது குறை கிடைச்சுதா?"
"இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.
பார்த்து முடித்து நாலு நாளாகிறது.