நான் விட்ட மைனஸ்

அக்கா,

இன்று காலை மளிகை அலமாரியைத் துடைக்கப் போய், அடித்தட்டில் விரித்திருந்த தாளை உருவினேன். மிளகாய்த்தூள் நெடி குப்பென்று ஏறியது. தாளில் உங்கள் கையெழுத்து. 2x + 3y = 6, 4x + 6y = 5. இரண்டுக்கும் சாய்வு 2/3 என்று போட்டு, 'இணைகோடுகள்' என்று அடிக்கோடு வேறு. பக்கத்தில் என் சிவப்பு மையில் பெரிய டிக்.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு உப்பளம் பகுதியில் ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நீங்கள் அங்கன்வாடியில் சமையல் உதவி. நான் மாடியில் டியூஷன் எடுக்கும் மகாராணி. பத்தாவது பாஸ் பண்ணினால் அங்கேயே டீச்சர் வேலைக்கு மனு போடலாம் என்றார்கள். உங்கள் பிறந்த வீட்டில் எல்லாரும் மில்லுக்குப் போனவர்கள், பத்தாவது தாண்டியவர் ஒருவருமில்லை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டீர்கள். கணக்கு மட்டும் பாக்கி.

"இணைகோடுன்னா நம்ம காந்தி வீதியும் மிஷன் வீதியும் மாதிரி. எவ்ளோ தூரம் போனாலும் முட்டிக்காது. ரெண்டுக்கும் சாய்வு ஒண்ணு, அவ்ளோதானடி?" என்று மீன் கழுவிக்கொண்டே நீங்கள் கேட்டபோது அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாய்வு கண்டுபிடிக்கக் குறுக்குவழி சொன்னது நான்தான். "x-க்கு முன்னாடி இருக்கறத y-க்கு முன்னாடி இருக்கறதால வகுத்துடுங்க, தீர்ந்துச்சு." வகுத்ததற்கு முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இணையா இல்லையா என்று மட்டும் கேட்டால், இரண்டிலும் மைனஸ் விட்டுப்போனாலும் விடை சரியாகவே வரும். வந்துகொண்டே இருந்தது. நானும் டிக் போட்டுக்கொண்டே இருந்தேன்.

பரீட்சையில் வேறு மாதிரி கேட்டுவிட்டார்கள். ஒரு புள்ளி வழியாகப் போகும் இணைகோட்டின் சமன்பாட்டை எழுத வேண்டும், ஐந்து மதிப்பெண். மைனஸ் இல்லாத சாய்வில் கோடே வேறாகி ஐந்தும் போயிற்று. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத்தான் ரிசல்ட் பார்த்தீர்கள். முப்பத்தைந்து வேண்டும், முப்பத்தொன்று வந்திருந்தது.

வினாத்தாளை எடுத்து வந்து அதே கணக்கை என் முன்னால் மறுபடி போட்டீர்கள். "எங்கடி தப்பு பண்ணேன்? நீ சொன்ன மாதிரிதான போட்டேன்." முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சர் என்று தெருவில் நாலு பேர் கூப்பிடுகிறார்களே, அந்தப் பெயர் போய்விடுமே என்று பயம். "கவனக்குறைவுதான் அக்கா" என்றேன். பாவி, வாய் கூசாமல் சொன்னேன்.

"விடு. என் மண்டையில களிமண்ணு, நீ என்ன பண்ணுவ" என்று சிரித்துவிட்டு எனக்குக் காபி போட்டுக் கொடுத்தீர்கள். அப்புறம் பரீட்சைப் பேச்சையே எடுக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த வருஷ மழையில் வந்த காய்ச்சல் நாலே நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

உங்கள் மகள் இப்போது பத்தாவது. இன்று மதியம் நோட்டை மூடி வைத்துவிட்டு, "எங்கம்மாவுக்கே கணக்கு வரல, எனக்கு மட்டும் எங்க சித்தி வரப்போவுது?" என்றாள். பொறுக்க முடியவில்லை. அவள் அம்மா தப்பே பண்ணவில்லை, சொல்லிக்கொடுத்த நான்தான் தப்பு என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். மூடிய நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இத அம்மாகிட்ட சொல்லியிருந்தா, அது இன்னொரு வாட்டி எழுதியிருக்கும் சித்தி" என்றாள்.

எழுதியிருப்பீர்கள் அக்கா. பாஸும் பண்ணியிருப்பீர்கள்.