மரைக்குட்டிக்கு முன்னால் நீ நின்ற நாள்

மச்சான்,

இன்று காலை மழையில் தொப்பலாக நனைந்த நாய் ஒன்று லுணுகலையில் இருக்கிற என் கடைக்குள் நுழைந்து, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று உடம்பை ஓர் உதறு உதறியது. கருவாடு வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். "அண்ணே, மொதல்ல இந்தச் சனியனை வெரட்டுங்க, நாத்தம் கொடலைப் பொரட்டுது!" என்று ஒருத்தி கத்தினாள். நான் விரட்டவில்லை. அந்த ஈர நாய் நாற்றத்தை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். உன் தங்கச்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னாங்க, பன்னீரா தெளிக்குது அது?" என்றாள். பன்னீர் யாருக்கு வேண்டும்? எனக்கு அது உன் வாசனை. கோபித்துக்கொள்ளாதே, நீ உயிரோடிருந்தபோதே இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

நமுனுகுல மலைக்குக் கீழே நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், உன் காம்பரா எது என்று யாரும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். மனிதர்கள் படுக்கிற இடத்தில் நாய்கள் படுத்திருக்கும், நீ வாசலில் சாக்கு விரித்துக் கிடப்பாய். அதில் ஒரு செவலை நாய்க்குக் கணக்கப்புள்ளை என்று பெயர் வைத்திருந்தாய். எல்லார் வீட்டுச் சட்டியிலும் தலையை விட்டுப் பார்க்கிறதே, வேறு என்ன பெயர் வைக்க என்பாய். ஒரு நாள் ஆள் கணக்கு எழுதுகிற நிஜக் கணக்கப்பிள்ளை லயத்துப் பக்கம் வந்தபோது, "கணக்கப்புள்ளே, வாலைச் சுருட்டிக்கிட்டு உக்காரு!" என்று நீ போட்ட அதட்டலில் அந்த மனிதர் திடுக்கிட்டு நின்றாரே, அதை நினைத்தால் இன்றும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது.

அப்புத்தளைக்கு ரயில் வந்த புதிது அது. எனக்கு மீசை நன்றாக முளைத்திருந்தது, உன் தங்கச்சியைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. உன் அப்பா போன பிறகு உங்கள் குடும்பத்தில் உன் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி வேறு. அவருடைய தலைப்பாகைக்கு முன்னால் எங்கள் அப்பா வாயே திறக்க மாட்டார். நீதான் எனக்காகப் பேசினாய். பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "பாரி வேட்டை நல்லபடியா முடிஞ்சு வரட்டும். அன்னைக்கே பரிசம் போட்டுருவோம். இல்லாட்டி அடுத்த மாசி பாத்துக்கலாம்" என்றார். அடுத்த மாசி வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். அப்புத்தளையில் அவருடைய மைத்துனன் ஒருவன் பெண் கேட்டுத் தயாராக நின்றுகொண்டிருந்தான்.

பாரி வேட்டையை நம் ஆட்கள் திருச்சிச் சீமையிலிருந்து கப்பலேறி வந்தபோது கருப்பசாமியோடு சேர்த்துக் கொண்டுவந்தார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டு கிடையாது, தேயிலை மலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அன்று காட்டுக்குப் போவார்கள். வேட்டைக்கு முன்னால் நடக்கிறவன் கையில் முதல் ஈட்டி. அது உன் பாட்டனிடமிருந்து உன் அப்பாவுக்கும், அவரிடமிருந்து உனக்கும் வந்தது. விழுந்த மிருகத்தின் இரத்தம் பட்ட அந்த ஈட்டியைக் கருப்பன் கல்லுக்கு முன்னால் ஊன்றினால்தான் அந்த வருஷம் லயத்தில் கல்யாணம், காதுகுத்து எல்லாம். மிருகம் கிடைத்தால் வண்டிப் பாதையில் தப்பு முழங்க வர வேண்டும். கிடைக்காவிட்டால் ஓடைப் பக்கமாகச் சத்தமில்லாமல் வந்து அவரவர் காம்பராவுக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். வெறும் ஈட்டி வந்த வருஷத்தில் எவனுக்கும் மேளம் கிடையாது.

எண்ணெய் போட்டு நீ அந்த ஈட்டியைத் துடைக்கிற அழகைப் பார்த்து உன் அம்மா, "இவனுக்குப் பொண்ணே தேட வேணாம், இந்த ஈட்டிக்கே தாலி கட்டிருவான்" என்பாள். அந்த ஈட்டியை ஏந்தினால் நீ ஒரு முழம் உயர்ந்துவிடுவாய். நீ தொட விட்ட ஒரே ஆள் நான்தான், அதுவும் ஒரே ஒரு தடவை.

அன்று காலை முழுக்க மழை. மானாப்புல் மேட்டில் ஏறி இறங்கி, அட்டை கடித்துக் காலில் இரத்தம் வழிந்ததுதான் மிச்சம், ஒரு முயல்கூட எதிரே வரவில்லை. நான் கருப்பனை வேண்டிக்கொண்டே நடந்தேன். அப்போது பள்ளத்தில் நாய்கள் குலைத்தன. அடேயப்பா, அந்தக் குரலைக் கேட்டு நான் ஓடிய ஓட்டம்! கல்யாண மேளமே கேட்டதுபோல இருந்தது எனக்கு.

ஒரு பாறை இடுக்கில் பெரணிச் செடிகளுக்கு நடுவே அது நின்றது. மரைக்குட்டி, மான் சாதியிலேயே பெரிய மரையின் கன்று. காது இரண்டும் முகத்தைவிடப் பெரிது, வாயோரத்தில் பால் நுரை. சுற்றிலும் நாய், நாய்க்குப் பின்னால் நாங்கள். அது ஓடவில்லை. உன்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நீ ஈட்டியை ஓங்கினாய். ஓங்கிய கையை அப்படியே இறக்கி, கணக்கப்புள்ளையின் கழுத்தைப் பிடித்து இழுத்து, குட்டிக்கும் நாய்களுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாய்.

"நாயைக் கட்டுங்கடா!"

உன் பெரியப்பா மகன் மாயாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாண்ணே, பேய் புடிச்சிருச்சா? குத்துண்ணே!"

"இது பால் குடி மறக்கலடா."

"சாமிக்குக் கெடாக்குட்டி வெட்டுறோமே, அது மட்டும் கெழட்டு ஆடா?"

"அது நம்ம வளத்த குட்டி. தீனி போட்டவன் கேக்கலாம். இதுக்கு நீ என்னா போட்ட?"

"அப்ப பெரிய மரைக்கு மட்டும் நான் தெனம் புல்லறுத்துப் போட்டனாக்கும்?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீயும் சிரித்தாய். மாயாண்டி சொன்னது நியாயம்தானே? தலையைச் சொறிந்தாய். பிறகு, "நீ சொல்றது சரிதான். ஆனா பெருசு ஓடும்டா. நம்ம காலோட பந்தயம் கட்டும், தப்பிச்சாலும் தப்பிக்கும். இத பாரு, ஓடக்கூடத் தெரியாம நிக்குது. ஓடாததைக் குத்துறதுக்கு ஈட்டி எதுக்கு? அருவாமனை போதுமே" என்றாய்.

நான் உன் காதோரம் வந்து கெஞ்சினேன். "மச்சான், என் கல்யாணம்!"

நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன் கல்யாணம் எங்கயும் ஓடிப் போவாது மாப்பிளே. அதுவும் இதே மாரி நின்னுக்கிட்டுதான் இருக்கும்" என்றாய். பாவி! அந்த நேரத்தில் அந்தப் பேச்சு! கையில் இருந்த கம்பால் உன் மண்டையில் ஒன்று போடலாமா என்று வந்தது எனக்கு.

நாய்களை இழுத்துக்கொண்டு எல்லாரும் எதிர்ச் சரிவுக்கு ஏறினோம். அங்கே உட்கார வைத்தாய். எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா குந்துங்கடா" என்றாய். நனைந்த நாய்களும் நனைந்த மனிதர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தோம். இன்று காலை என் கடைக்குள் வந்த நாற்றம் அதுதான். கொஞ்சம் பொறுத்துக் கீழே புல் அசைந்தது. தாய் வந்தது. ஒரு கால் வைக்கும், நிற்கும், மோந்து பார்க்கும், மறுபடி ஒரு கால் வைக்கும். மிருகத்தை முதலில் பார்த்தவன் கூவ வேண்டும் என்பது வேட்டை முறை. அன்று அத்தனை பேரும் பார்த்தோம். ஒருத்தனும் கூவவில்லை. மாயாண்டி தன் நாயின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் தலையை விட்டு முட்டி முட்டிக் குடித்தபோது, "அட, முட்டுறத பாரேன்!" என்று அவன்தான் முதலில் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, மச்சான். கல்யாணம் போய்விட்டது என்று தெரிந்தும் வந்தது.

அந்த மகிழ்ச்சியில்தான் நீ அந்தக் கூத்தைச் செய்தாய். வெறுங்கையோடு ஓடைப் பக்கம் இறங்க வேண்டியவன், பாட்டுப் பாடிக்கொண்டு நேராக வண்டிப் பாதையில் எங்களை நடத்திக்கொண்டு போனாய். மறந்து போனாயா, வேண்டுமென்றே செய்தாயா? நீ சாகும்வரை கேட்டேன், சிரித்தாயே தவிர வாயைத் திறக்கவில்லை. பாலத்தடியில் காத்திருந்த தப்புக்காரர்கள் நம் தலைகளை வண்டிப் பாதையில் கண்டதும் வெளுத்து வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். லயத்துப் பெண்கள் குலவை போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அடுப்பெல்லாம் எரிகிறது, அண்டாவெல்லாம் ஏறிவிட்டது, மிளகும் மல்லியும் அரைத்த வாசனை தொழிற்சாலை வரை போகிறது. நாம் தூக்கி வந்த கம்பில் தொங்கியது மாயாண்டியின் ஈரத் துண்டு மட்டும்.

தப்பு ஒவ்வொன்றாக நின்றது. உன் பெரியப்பா கருப்பன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "என்னாடா கொண்டாந்தீங்க?"

நீ நடந்ததைச் சொன்னாய். ஒன்றையும் மறைக்கவில்லை. பாதை தவறி வந்ததற்கு மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாய். அவர் முகம் சிவந்துவிட்டது. "சாமி குடுத்ததை வேணான்னு சொல்ல நீ யாரு? இந்த வருசம் ஒரு மேளமும் கெடையாது. அப்புத்தளைக்குச் சேதி அனுப்புறேன், அடுத்த மாசியில அவன் வந்து பரிசம் போடட்டும்."

கூட்டத்தின் ஓரத்தில் உன் தங்கச்சி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. உன்னையே பார்த்தாள். நீயும் அவளைப் பார்த்தாய். பிறகு அந்த ஈட்டியை, உன் பாட்டன் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஈட்டியை, கருப்பன் கல்லடியில் குறுக்காகக் கிடத்தினாய். ஊன்றவில்லை, கிடத்தினாய். அப்படிக் கிடத்தினவன் மறுபடி அதைத் தொடக் கூடாது என்பது அங்கே இருந்த பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

"வேட்டை தோத்தது நான் பெரியப்பா. குத்தம் என்னோட. இனிமே எப்பவும் நான் முன்ன நடக்க மாட்டேன். சாமிக்கு இத எடுத்துக்கங்க, என் தங்கச்சியோட நாளை விட்டுருங்க."

உன் அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா குனிந்து அந்த ஈட்டியைப் பார்த்தார். அவர் தம்பி கையில் இருந்த ஈட்டி அல்லவா அது? "எடுடா மாயாண்டி" என்றார். மாயாண்டி எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அவர் அதட்டிய பிறகுதான் குனிந்தான். அப்புறம் பெரியப்பா பெண்கள் பக்கம் திரும்பி, "அரைச்ச மசாலாவை என்னா செய்யப் போறீங்க? தலையிலயா தேச்சுக்குவீங்க? ஆக்குங்க, பரிசம் போடுறவன் பசியோட நிக்கிறான்" என்றார். நான் அழுதுவிட்டேன் மச்சான், அத்தனை பேருக்கு முன்னாலும் அழுதேன்.

என்ன ஆக்குவது? கிடைத்தது பலாக்காய். லயத்துக்குப் பின்னால் இருந்த மரத்தை மொட்டை அடித்துவிட்டார்கள். பந்தியில் உன் அத்தைக்காரி ஒவ்வொரு இலைக்கும் வந்து, "மரைக் கறி போடட்டா? இளசு, எலும்பே இல்ல!" என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். நீதான் அதிகம் தின்றாய். தப்புக்காரர்களோடு சேர்ந்து நீ ஆடிய ஆட்டத்தில் வேட்டி இரண்டாகக் கிழிந்தது. இவ்வளவு சந்தோஷமாக ஒருவன் தோற்றுப்போனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மறு வருஷத்திலிருந்து நீ வேட்டைக்குப் பின்னால் நடந்தாய், சோற்றுச் சட்டியைச் சுமந்துகொண்டு. அந்த முதல் வருஷம் மாயாண்டிக்கு எதிரே ஒரு காட்டுப் பன்றி கோடு போட்ட குட்டிகளோடு வந்தது. அவன் ஈட்டியை ஓங்கிவிட்டு, திரும்பி உன்னைப் பார்த்தான். நீ வேண்டுமென்றே வானத்தைப் பார்த்தாய். "நாயைக் கட்டித் தொலைங்கடா! இந்த ஆளு பின்னால வந்தா ஒரு வருசம்கூடக் கறி திங்க முடியாது!" என்று அவன் கத்தியது மலை முழுக்கக் கேட்டது. பிறகு அன்றைக்கே தனிக் கிடா மரை ஒன்று விழுந்தது, வண்டிப் பாதையில் முறையாக வந்தோம்.

உன் நியாயத்தோடு எனக்கு இன்னும் வழக்கு உண்டு. ஓடினால் குத்தலாம் என்றாயே, ஓடிக் களைத்து நின்றுவிட்ட பெரிய மரையை என்ன செய்வது என்று ஒருநாள் கேட்டேன். "அன்னைக்கிப் பாத்துக்கலாம் மாப்பிளே" என்றாய். அது ஒரு பதிலா? ஆனால் அதற்குப் பிறகு எந்த மிருகத்துக்கு முன்னாலும் என் கால் ஒரு கணம் நிற்கப் பழகிவிட்டது. மிருகம் மட்டுமில்லை, கடன் சொல்லிக்கொண்டு வாசலில் தலை குனிந்து நிற்கிற ஆளைத் திட்டப் போகும்போதும் நிற்கிறது. கடையில் நஷ்டம்தான். உன் தங்கச்சியிடம் சொன்னால், "எங்கண்ணன் செஞ்ச வேலை" என்று பெருமையாகச் சொல்கிறாள்.

இப்போது பதுளைக்கே ரயில் வந்துவிட்டது, நீ பார்க்காமல் போய்விட்டாய். எங்கள் பிள்ளைகள் ஐந்து பேர், பேரப் பிள்ளைகள் மடியில் நிற்காமல் வழிகிறார்கள். மூத்தவனுக்கு உன் மூக்கு, உன் திமிர். ஒரே ஈட்டியை இறக்கியும் கிடத்தியும் அன்று நீ அந்தக் குட்டி, நான் என்று இரண்டு உயிரை வாழ விட்டாய். அந்தக் குட்டி வளர்ந்து எந்த மேட்டில் மேய்ந்ததோ, எங்கே விழுந்ததோ தெரியாது. தன்னை யார் விட்டார் என்று அதற்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும், மச்சான். உன் தங்கச்சி சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள், நான் போகிறேன்.